எதுவரை வந்து நின்றது?

பத்திரிகைத் தொழிலுக்குப் புதிதாக வருகின்ற பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே ஆறு கேள்விகளைச் சொல்லிக் கொடுப்போம். யார், என்ன, எப்போது, எங்கே, எப்படி, ஏன். இவற்றுள் 'ஏன்' என்பதைக் கடைசியில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. மற்ற ஐந்துக்கும் விடை தேடாமல் 'ஏன்' என்பதற்கு மட்டும் விடை எழுதிவிடுகிற செய்தி, அநேகமாக மறுநாள் திருத்தம் போட வேண்டிய செய்தியாகவே முடியும்.

வீட்டிலுள்ள கணினி ஒருநாள் இயங்க மறுக்கும்போது நாம் எல்லோரும் செய்வது இதற்கு நேர்மாறான காரியம். பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். வைரஸ் புகுந்துவிட்டது என்பார் ஒருவர். மின்னல் தாக்கிவிட்டது என்பார் இன்னொருவர். பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனால், பழையதை முழுவதும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் பதிந்து தருகிறேன் என்று தீர்ப்புக் கிடைக்கும். 'ஃபோர்மட்' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை வருட உழைப்பு அழிந்து போயிருக்கும் என்பதைக் கணக்கெடுத்தவர் யாருமில்லை.

கணினி இயங்காதபோது முதலில் கேட்க வேண்டியது 'ஏன் இயங்கவில்லை' என்பதல்ல. 'எதுவரை வந்து நின்றது' என்பதே. இதை விளக்குவதற்கு, கணினி எழும்பி வருகிற ஒழுங்கைச் சற்றுச் சொல்ல வேண்டும்.

பொத்தானை அழுத்தியதும் முதலில் மின்வழங்கி விழிக்கிறது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தைக் கணினியின் உறுப்புகள் தாங்கக்கூடிய சிறிய அளவுகளுக்கு இறக்கிக் கொடுப்பது அதன் வேலை. அடுத்ததாக, தாய்ப்பலகையில் ஒரு சிப்பினுள் நிரந்தரமாக எழுதிவைக்கப்பட்டிருக்கும் பயோஸ் என்னும் சிறு நிரல் எழும்புகிறது. அது நினைவகம் இருக்கிறதா, திரைக்குப் படம் அனுப்பும் பகுதி வேலை செய்கிறதா, விசைப்பலகை இணைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. இந்தச் சோதனையில் தேறினால் பல கணினிகள் ஒரு சிறு 'பீப்' ஒலியை எழுப்பும். தேறாவிட்டால் பல 'பீப்'கள் கேட்கும். அவற்றின் எண்ணிக்கைக்கும் நீளத்துக்கும் ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு பொருள் வைத்திருக்கிறார்கள். மூன்றாவதாக, வன்தட்டைத் தேடி அதிலிருக்கும் இயங்குதளத்தை எழுப்புகிறது. விண்டோஸின் சின்னம் திரையில் தெரிவது இதற்குப் பிறகுதான்.

ஆகவே நின்ற இடத்தைக் கொண்டே பழுதின் இடத்தை ஓரளவுக்குக் கண்டுகொள்ளலாம். விசிறிகூடச் சுழலவில்லை என்றால் மின்கம்பி, ஆளி, மின்வழங்கி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வன்தட்டைக் குறை சொல்லுவதற்கு இன்னும் நேரம் வரவில்லை. விசிறி சுழன்றும் திரை கறுப்பாகவே இருந்தால், திரைக்கு மின்சாரம் போகிறதா, கேபிள் கழன்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நினைவகத் தகட்டைக் கழற்றி, அதன் தொடுமுனைகளைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து மீண்டும் அழுத்திப் பொருத்த வேண்டும். ஈரக்காற்று மிகுந்த ஊர்களில் பல கணினிகள் இந்த ஒரு வைத்தியத்துக்கே எழும்பியிருக்கின்றன. பெட்டியைத் திறக்குமுன் பிளக்கைக் கழற்ற வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எழுத்துகள் தெரிந்து, 'இயங்குதளம் இல்லை' என்று கணினி சொன்னால், முதலில் பின்புறம் பென் டிரைவ் ஏதும் மறதியாகச் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதிலிருந்து எழும்ப முயன்று தோற்றுப்போன கணினியை மரணப்படுக்கையில் கிடப்பதாக எண்ணிக் கடைக்குத் தூக்கிச் சென்றவர்கள் உண்டு. விண்டோஸின் சின்னம் வரை வந்து அதற்குப் பிறகு விழுந்தால், அநேகமாக உறுப்புகளுக்கு உயிர் இருக்கிறது. சிக்கல் நிரல்களிலோ அமைப்புகளிலோ இருக்கக்கூடும்.

விதிவிலக்கான ஓர் அறிகுறி உண்டு. வன்தட்டிலிருந்து 'டிக், டிக்' என்று ஒழுங்கான ஓசை கேட்டால், மேற்கொண்டு எதையும் சோதிக்காமல் நிறுத்திவிட வேண்டும். மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பதே எஞ்சியிருக்கும் தரவுகளையும் அழித்துவிடும்.

இதையெல்லாம் நான் எழுத நேர்ந்தது கரவனெல்லயில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை முன்னிட்டு. அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்குப் போகும் பாதையில், களனி கங்கையை ஒட்டி, கேகாலைக்குச் செல்லும் பாதை பிரிகிற இடத்திலுள்ள சிற்றூர் அது. சுற்றிலும் இறப்பர்த் தோட்டங்கள். மலையகம் என்றாலே தேயிலையும் நுவரெலியாவும் என்று நினைக்கிற வெளிநாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களிலும் பல தலைமுறைகளாகத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்கின்றன, சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் லயன்களில் வாழ்வதால் அவர்களைப் பற்றி எழுதப்பட்டது குறைவு.

மாஸ்டர் என்றே ஊரில் அவரை அழைப்பார்கள்; என்னிலும் மூத்தவரானபடியால் நானும் அப்படியே அழைப்பேன். அவருடைய கணினியில் கதையோ கவிதையோ இல்லை. இருந்தது ஒரு பதிவேடு. தோட்டத்து மக்களுக்காக அவர் எழுதிக் கொடுத்த விண்ணப்பங்களும் கடிதங்களும், அவர்களுடைய சான்றிதழ்களின் இலக்கங்களும் திகதிகளும், ஒரே ஆளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் தோட்டத்துச் செக்ரோலில் வேறொருவிதமாகவும் அடையாள அட்டையில் மூன்றாவது விதமாகவும் எழுதப்பட்டிருக்கும் விபரங்களும் அதில் இருந்தன. ஊழியர் சேமலாப நிதியைப் பெற வருகிற முதிய தொழிலாளிக்கு, இந்த மூன்று பெயரும் ஒருவருடையதே என்று நிரூபிப்பதுதான் மலையேறுவதிலும் கடினமான வேலை.

கடதாசி என்பது இந்த மக்களுக்குச் சாதாரணப் பொருளல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், தொடர்ந்து இந்நாட்டில் வசித்ததை ஆவணங்களால் நிரூபிப்பவருக்கே உரிமை என்றது. எழுதப் படிக்க வாய்ப்பளிக்கப்படாதவர்களிடம் எழுத்துச் சான்று கேட்கப்பட்டது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை எண்ணிக்கையாகப் பிரித்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 150,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவார்கள் என்று. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகே நாடற்ற நிலைக்குச் சட்டத்தில் முடிவு கட்டப்பட்டது. சட்டத்தில் முடிந்தது அலுவலக மேசையில் உடனே முடிந்துவிடுமா? மாஸ்டர் தமது பதிவேட்டை அதன் பிறகுதான் தொடங்கினார்.

2022ஆம் ஆண்டு ஐப்பசியில் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. "தம்பி, கணினி போய்விட்டது" என்றார். குரலில் வீட்டில் துக்கம் நடந்த தொனி. முதல் நாள் மாலை இடியும் மின்னலுமாக இருந்திருக்கிறது. காலையில் இயக்கினால் விண்டோஸ் சின்னம் வருகிறது. ஒரு கணம் நீலத் திரை மின்னுகிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. நகரத்துக் கடையொன்றுக்குக் கொண்டுபோயிருக்கிறார். அங்கிருந்த இளைஞர், தானாகப் பழுதுபார்க்கும் வசதியை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "மின்னல் அடித்து விண்டோஸ் கெட்டுவிட்டது சேர், ஃபோர்மட் செய்தால் சரியாகிவிடும், இல்லாவிட்டால் புதிது வாங்குவதுதான் நல்லது" என்றிருக்கிறார். அந்த வருடம் ரூபாவின் பெறுமதி வீழ்ந்து, டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியிருந்தது. ஓய்வூதியக்காரர் ஒருவர் கணினி வாங்குகிற காலமல்ல அது. நல்ல வேளையாக, யோசித்துச் சொல்கிறேன் என்று பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

நான் அவரிடம் கேட்டது எங்கள் தொழிலின் கேள்விகளைத்தான். விண்டோஸ் சின்னத்துக்கு முன்னர் திரையில் வேறு ஏதாவது தெரிகிறதா? "ஆங்கிலத்தில் இரண்டு வரி வருகிறது, எஃப் ஒன்றை அழுத்தச் சொல்கிறது, அழுத்துகிறேன்" என்றார். முன்பு அப்படி வருமா? வராது. இதற்கு முந்திய நாட்களில் வழமைக்கு மாறாக ஏதாவது? சற்று யோசித்தார். "பெரிதாக ஒன்றுமில்லை தம்பி, சில கிழமைகளாகக் காலையில் கணினியின் மணிக்கூடு பிந்திப் போய் நிற்கும். கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு நாளும் திருத்துவேன்" என்றார். அந்த எஃப் ஒன்றுக்குப் பதிலாக அமைப்புத் திரைக்குள் போய்த் திகதியைப் படிக்கச் சொன்னேன். 2009 ஜனவரி முதலாம் திகதி என்றார்.

மின்னலுக்கும் விண்டோஸுக்கும் இதில் சம்பந்தமில்லை என்பது அப்போது ஏறக்குறையத் தெளிவாயிற்று. தாய்ப்பலகையில் சிறு நாணயம் போன்ற பற்றரி ஒன்று இருக்கும். சி.ஆர். 2032 என்பது அதன் பெயர், 3 வோல்ட். கணினி அணைந்திருக்கும்போது மணிக்கூட்டை ஓட்டுவதும், பயோஸின் அமைப்புகளை நினைவில் வைத்திருக்க உதவுவதும் அதன் கடமை. கணினியை அணைத்தாலும் பிளக் சுவரில் மின்சாரத்தோடு இணைந்திருக்கும்வரை மின்வழங்கியே அந்த வேலைக்குச் சிறிதளவு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும், பற்றரி ஓய்வெடுக்கும். பிளக்கைக் கழற்றினால்தான் பற்றரி உழைக்கத் தொடங்கும்.

கரவனெல்லப் பகுதி நாட்டில் அதிக மழை காணும் இடங்களில் ஒன்று. பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும், பருவக்காற்றுகள் மாறுகிற இடைக்காலத்தில், பிற்பகல் தோறும் இடி முழங்கும். மாஸ்டர் ஒவ்வொரு மாலையும் பிளக்கையும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றிவிடுவார். அது முற்றிலும் சரியான பழக்கம். அருகில் விழும் மின்னலைத் தடுக்கக்கூடிய மின்காப்புக் கருவி வீடுகளில் இல்லை. அதற்கு மேலாக அந்த வருடத்தின் மின்வெட்டுகள். மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நாடு இருளில் கிடந்தது. பல வருடங்களாக மாற்றப்படாத பற்றரி இத்தனை மணித்தியாலங்கள் தனியே உழைத்துத் தேய்ந்து, கடைசியில் ஓரிரவு முற்றாக ஓய்ந்துவிட்டது. பயோஸ் எல்லாவற்றையும் மறந்து, தொழிற்சாலையில் வைத்த அமைப்புகளுக்கே திரும்பிவிட்டது.

அந்த அமைப்புகளுள் ஒன்றுதான் சிக்கல். தாய்ப்பலகை வன்தட்டுடன் பேசுவதற்குப் பழைய முறை ஒன்றும் புதிய முறை ஒன்றும் உண்டு. பழையது ஐ.டி.இ., புதியது ஏ.எச்.சி.ஐ. மாஸ்டரின் விண்டோஸ் 7 பதியப்பட்டபோது புதிய முறை தெரிவு செய்யப்பட்டிருந்தது. தொழிற்சாலை அமைப்போ பழைய முறை. விண்டோஸ் எழும்பி வந்து, தனக்குப் பழக்கமில்லாத பாஷையில் வன்தட்டு அறிமுகமாவதைக் கண்டு, நீலத்திரையைக் காட்டி விழுந்திருக்கிறது. அதற்குள் இருந்த ஒரு கோப்புக்கும் சேதமில்லை.

ஆயினும் கணிப்புச் சரியென்று தோன்றினாலும் முதலில் செய்ய வேண்டியது திருத்துவதல்ல, காப்பாற்றுவது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். லினக்ஸ் இயங்குதளம் எழுதிய பென் டிரைவ் ஒன்றைச் செருகி, அதிலிருந்து கணினியை எழுப்பினோம். வன்தட்டில் எதையும் பதியாமல், வெளியிலிருந்தே ஓர் இயங்குதளத்தை ஓட்டி உள்ளே இருப்பவற்றைப் பார்க்கும் இந்த வழியை, 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியரான கிளவுஸ் க்னொப்பர் வெளியிட்ட க்னொப்பிக்ஸ் குறுந்தட்டு பரவலாக்கியது. இன்று உபுண்டு முதலிய பலவும் இலவசமாகவே இந்த வசதியைத் தருகின்றன. மாஸ்டரின் கோப்புறைகள் ஒவ்வொன்றாகத் திரையில் தெரிந்தன. அவர் ஒன்றும் பேசவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் வெளி வன்தட்டு ஒன்றில் பிரதி எடுத்த பிறகே பற்றரியை மாற்றினோம். விலை சில நூறு ரூபா. திகதியைத் திருத்தி, வன்தட்டு முறையை மாற்றிச் சேமித்தோம். விண்டோஸ் ஒன்றும் நடவாததுபோல் எழும்பி வந்தது.

இதில் என்னை அதிகம் சிந்திக்க வைத்த விடயம் ஒன்று உண்டு. அந்த இளைஞர் சொன்னபடி அழித்துப் புதிதாகப் பதிந்திருந்தால் கணினி நிச்சயமாக ஓடியிருக்கும். ஏனெனில், புதிய விண்டோஸ் பழைய முறைக்கு ஏற்பவே தன்னைப் பதிந்துகொண்டிருக்கும். மின்னல்தான் காரணம், ஃபோர்மட்தான் மருந்து என்று அவரும் நம்பியிருப்பார், மாஸ்டரும் நம்பியிருப்பார். பிழையான காரணத்துக்குக் கொடுத்த பிழையான மருந்து பலித்துவிட்டால், அது பிழை என்று அறிய வழியே இல்லாமல் போகிறது. அந்த இளைஞரை நான் குறை சொல்லமாட்டேன். நாளொன்றுக்குப் பத்துப் பெட்டிகள் பார்க்கிற அவருக்குப் பெட்டி ஓடினால் வேலை முடிந்தது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பெட்டிக்குச் சொந்தக்காரர்தான் சொல்ல வேண்டும்.

இது சிற்றூர்களுக்கு மட்டும் உரிய கதையல்ல. 2024 ஜூலை 19ஆம் திகதி, கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான இற்றைப்படுத்தல் ஒன்றினால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் எழும்ப மறுத்தன என்று மைக்ரோசொஃப்ட் மதிப்பிட்டது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்கு ஏறுசீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்நிறுவனம் 78 நிமிடங்களில் அதை மீளப்பெற்றுவிட்டபோதிலும், ஏற்கெனவே விழுந்த கணினிகளுள் பலவற்றை ஒவ்வொன்றாகப் பாதுகாப்பு நிலையில் எழுப்பி, ஒரேயொரு கோப்பை நீக்க வேண்டியிருந்தது. 85 இலட்சம் கணினிகளின் வன்தட்டுகளிலும் பழுதில்லை. எதுவரை வந்து விழுந்தன என்று பார்த்தவர்களே வழியைக் கண்டார்கள்.

அந்தச் சம்பவம் இன்னொரு பாடத்தையும் தந்தது. வன்தட்டைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் வசதி இருந்த கணினிகளில், 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி கையிலில்லாமல் உள்ளே நுழைய முடியவில்லை. இப்போது வாங்கும் புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், நாம் கேட்காமலேயே இந்தப் பூட்டுப் போடப்பட்டிருக்கும். சாவி பொதுவாக நமது மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். நான் பென் டிரைவ் கொண்டு மாஸ்டரின் கோப்புகளை எடுத்ததுபோல அத்தகைய கணினியில் எடுக்க முடியாது. கணினி நலமாக இருக்கும் இன்றைக்கே அந்தச் சாவியைத் தேடி, கடதாசியில் எழுதி, காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள்.

எங்கள் தலைமுறைக்கு மட்டும் உரிய இன்னொரு விடயம். மாஸ்டரின் பதிவேட்டில் பழைய பகுதி முழுவதும் பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்டது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் வருவது தமிழல்ல. அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளின் குவியல். கோப்பைக் காப்பாற்றி எழுத்துருவைக் கைவிட்டால், பெட்டியைக் காப்பாற்றிச் சாவியைத் தொலைத்த கதைதான். ஆகையால் எழுத்துருவையும் சேர்த்தே பிரதி எடுத்தோம். பின்னர் மாஸ்டரின் பேத்தி, விடுமுறை நாட்களில் அமர்ந்து, அவற்றையெல்லாம் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தாள். மாற்றும்போது ஒரு பெயரின் மூன்று எழுத்துமுறைகளையும் ஒன்றாக்கித் திருத்திவிட வேண்டாம் என்று மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பிழையாக எழுதப்பட்ட பெயரே அங்கு சான்று.

இப்போது அந்தப் பதிவேட்டின் பிரதிகள் மூன்று இருக்கின்றன. ஒன்று கணினியில், ஒன்று வெளி வன்தட்டில், ஒன்று அச்சிட்டுக் கட்டப்பட்டு வேறொரு வீட்டு அலுமாரியில். மற்றவர்களின் அந்தரங்க விபரங்களாதலால் இணையத்தில் ஏற்றுவதற்கு மாஸ்டர் உடன்படவில்லை. அவர் சொன்னது நியாயமென்றே எனக்கும் பட்டது.

வாசக அன்பர்களே, உங்கள் கணினி நாளைக்கு எழும்ப மறுத்தால், கடைக்குத் தூக்குவதற்கு முன் ஒரு துண்டுக் கடதாசியை எடுங்கள். கடைசியாக எப்போது ஒழுங்காக ஓடியது, அதற்கும் இப்போதைக்கும் இடையில் என்ன நடந்தது, எதுவரை வந்து நிற்கிறது, திரையில் என்ன எழுத்துகள் தெரிகின்றன என்று எழுதுங்கள். திரையைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாகப் பெரிய எழுத்தில் ஒரு வரி: 'உள்ளே ஆவணங்கள் இருக்கின்றன. என்னைக் கேட்காமல் எதையும் அழிக்க வேண்டாம்.' அந்தத் துண்டைப் பெட்டியின் மேல் ஒட்டி அனுப்புங்கள்.